நெருக்கமான அதிபர் தேர்தலில் டிவி விவாதம் எவ்வளவு மாற்றும்? சேலத்தில் ஒரு சோதனை வைக்கக் கேட்கிறேன்

அஸ்தம்பட்டி வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்கு எங்கள் வாசகர் வட்டம் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி தயாராகிறது. அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் பழைய டிவி விவாதம் ஒன்றைக் காட்டி, முன்னும் பின்னும் கருத்துக் கேட்டு, எவ்வளவு மாறுகிறது என்று மாணவர்களே கணக்கிட வேண்டும். மொத்தம் 60 பேர்.

இப்போதைய திட்டம் இது: 1960 கென்னடி–நிக்சன் முதல் விவாதத்தைச் சேலம் அரங்கில் 30 பேர் திரையில் பார்ப்பார்கள். ஏற்காட்டில் உள்ள 30 பேருக்கு, அங்கே இணையம் சரியாக எடுக்காது என்பதால், ஒலியை மட்டும் போடுவோம். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றும் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றும் சொன்னார்களாமே, அதைத் திரும்பச் செய்து பார்க்கலாம் என்று ஆசை.

கேள்விகள்: அந்த ரேடியோ–டிவி விஷயம் எந்த அளவுக்கு உண்மை? விவாதத்துக்குப் பிறகு கருத்துக்கணிப்பில் 4 புள்ளி, 5 புள்ளி ஏறியது என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா? கடும் போட்டி உள்ள தேர்தலை ஒரு விவாதம் உண்மையில் திருப்பியிருக்கிறதா?

சேர்வராயன்:

முதலில் சேலம், ஏற்காடு என்று பிரிப்பதைக் கைவிடுங்கள். 1960 கணிப்பில் இருந்த கோளாறு அப்படியே உங்கள் சோதனைக்குள் வந்துவிடும்.

ரேடியோ–டிவி கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த கணிப்பு. அதில் அகப்பட்ட ரேடியோ நேயர்கள் 300 பேர் கூட இல்லை. எண்ணிக்கையை விட ஆட்கள் யார் என்பதுதான் பெரிய சிக்கல். 1960ல் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் டிவி இருந்தது. அப்போதும் ரேடியோவில் கேட்டவர்களில் கிராமப்புறத்தாரும், கத்தோலிக்கரான கென்னடியை விவாதத்துக்கு முன்பே விரும்பாத புராட்டஸ்டண்ட் மக்களும் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அவர்கள் நிக்சன் பக்கம் நின்றதற்கு ரேடியோ காரணமா, அவர்களே காரணமா? அந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. அதே மாதிரி, நாளைக்கு ஏற்காட்டு மாணவர்கள் வேறு மாதிரி பதில் சொன்னால், ஒலி மட்டும் கேட்டதாலா, வேறு கல்லூரி, வேறு பாடம், வேறு குடும்பப் பின்னணி என்பதாலா என்று உங்களால் பிரிக்க முடியாது.

சரியான வழி சீட்டுக் குலுக்கல். 60 பேரையும் ஒரே ஊரில் கூட்டி, குலுக்கலில் 30 பேரைப் பட அறைக்கும் 30 பேரை ஒலி அறைக்கும் அனுப்புங்கள். ஏற்காட்டிலும் நடத்தியே ஆக வேண்டும் என்றால் அங்குள்ள 30 பேரை 15, 15 ஆகக் குலுக்குங்கள், சேலத்திலும் அப்படியே. படத்தை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி எடுத்துப் போனால் மலையில் இணையம் தேவையே இல்லை. ஜேம்ஸ் ட்ரக்மேன் என்ற அரசியல் அறிவியலாளர் 171 பேரைக் கொண்டு இதைச் செய்து 2003ல் வெளியிட்டார். படம் பார்த்தவர்கள் ஒலி மட்டும் கேட்டவர்களை விட அதிகமாகக் கென்னடி ஜெயித்தார் என்றார்கள். ஆக, காட்சிக்கு விளைவு உண்டு. 1960ல் அது எவ்வளவு என்பதைத்தான் யாரும் சரியாக அளக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. 1,000 பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்குப் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.1. இதை எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் இருவருக்கும் இடையிலான முன்னிலைக்குப் பிழை வரம்பு அதைப்போல் இரு மடங்கு, 6.2. விவாதத்துக்கு முந்தைய கணிப்பின் முன்னிலையையும் பிந்தைய கணிப்பின் முன்னிலையையும் கழித்துப் பார்த்தால் 6.2ஐ 2ன் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்க வேண்டும், அதாவது 8.8. ஆகவே 1,000 பேர் கொண்ட இரண்டு கணிப்புகளுக்கு இடையே முன்னிலை 4 புள்ளி நகர்ந்தது என்றால், ஒருவர் கூட மனம் மாறாமலே அது நடந்திருக்கலாம். 1960ல் கேலப் கணிப்பு விவாதத்துக்கு முன் நிக்சன் 47, கென்னடி 46 என்றது. பின்பு கென்னடி 49, நிக்சன் 46. நகர்வு 4 புள்ளி. வரலாறு மாறியதற்கு அத்தாட்சி என்று இந்த எண்களைக் காட்டுகிறார்கள். அந்தப் பாரத்தைச் சுமக்க அவற்றால் முடியாது.

இதை விட மோசமானது இன்னொன்று இருக்கிறது. பதில் சொல்பவர்கள் மாறிவிடுவது. கணக்காகவே பாருங்கள். வாக்காளர்களில் அ-வுக்கு 48, ஆ-வுக்கு 48, மற்றவர் 4 சதவீதம். சாதாரண நாளில் எல்லாத் தரப்பிலும் 100 பேரைக் கூப்பிட்டால் 2 பேர் பதில் தருகிறார்கள். அ விவாதத்தில் சொதப்புகிறார். அவருடைய ஆதரவாளர்களுக்கு அரசியல் பேசவே பிடிக்கவில்லை, பதில் விகிதம் 1.8 ஆகிறது. ஆ-வின் ஆட்கள் உற்சாகத்தில் 2.2. வாக்கு ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் கணிப்பில் அ 43.2, ஆ 52.8 என்று வரும். கிட்டத்தட்ட 10 புள்ளி இடைவெளி!

2012ல் இதைத்தான் பார்த்தோம். அக்டோபர் 3, டென்வர் விவாதம். எதிர் வேட்பாளர் ராம்னி முன் அதிபர் ஒபாமா சோர்ந்து தெரிந்தார். பார்த்தவர்களில் நன்றாகச் செய்தவர் ராம்னி என்றவர்கள் 72 சதவீதம், ஒபாமா என்றவர்கள் 20 சதவீதம் என்றது கேலப். செப்டம்பரில் ஒபாமா 51, ராம்னி 43 என்று சொன்ன பியூ கருத்துக்கணிப்பு நிறுவனம் விவாதத்துக்குப் பின் ராம்னி 49, ஒபாமா 45 என்றது. 12 புள்ளி புரட்டல். பின்னால், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு பெரிய ஆய்வு, பதில் சொன்னவர்களின் கட்சிச் சார்பைச் சரிசெய்து பார்த்ததும் அந்தப் புரட்டலில் பெரும்பகுதி கரைந்துவிட்டதைக் காட்டியது. நவம்பரில் ஒபாமா 51.1, ராம்னி 47.2.

செவ்வாய்ப்பேட்டை கேமரா:

சேர்வராயன் ஐயா கணக்கைச் சொல்லிட்டார். நான் திரையில் நடந்ததை மட்டும் சொல்றேங்க, ஏன்னா மாணவர்களுக்கு எதைக் கவனிக்கச் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கணும்.

1960 செப்டம்பர் 26, சிகாகோ ஸ்டுடியோ. கறுப்பு வெள்ளை. பின்னணி சாம்பல் நிறம், நிக்சன் போட்டிருந்த கோட்டும் வெளிர் சாம்பல். கறுப்பு வெள்ளையில் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஆள் கரைஞ்சு போயிடுவார். கென்னடி அடர் நிறக் கோட்டு, விளிம்பு வெட்டினாப்பல தெரியும். நிக்சன் அதற்கு முந்தின மாதம்தான் முழங்காலில் சீழ்பிடிச்சு மருத்துவமனையில் கிடந்தவர், எடை குறைஞ்சு சட்டைக் கழுத்து தொளதொளன்னு இருக்கும். முறையான மேக்கப் வேண்டாம்னுட்டு, தாடி நிழலை மறைக்க ஒரு பவுடர் மட்டும் பூசினாங்க. விளக்குச் சூட்டில் வியர்வை வந்ததும் அது காட்டிக் கொடுத்திடுச்சு.

ஆனா சேதம் பண்ணினது அவர் பேசினப்போ எடுத்த ஷாட் கிடையாதுங்க. கென்னடி பேசும்போது நிக்சன் கேட்டுக்கிட்டு நிக்கிறாரே, அந்த ரியாக்‌ஷன் ஷாட்தான். வியர்வையைத் துடைக்கிறது அதில்தான் விழுந்துச்சு. இதுக்கு அப்புறம் எல்லா வேட்பாளர் ஆட்களும் சண்டை போட்டது இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான். பிரான்சில் 1981 விவாதத்துக்கு முன்னாடி எதிர் வேட்பாளர் மித்தரான் தரப்பு நிபந்தனைப் பட்டியலே போட்டு, ஒருத்தர் பேசும்போது மற்றவர் முகத்தைக் காட்டக் கூடாதுன்னு வாங்கினாங்க. 2000ல் அல் கோர் பெருமூச்சு விட்டதும் இதே கதைதான்: புஷ் பேசும்போது கோரோட மைக்கும் திறந்திருந்துச்சு. 2024 ஜூன் விவாதத்தில் முறை இல்லாதவர் மைக்கை அடைச்சுட்டாங்க, பார்வையாளரும் இல்லை. அதனால சத்தத்தில் தப்பிக்கலாம், ஆனா ஸ்பிளிட் ஸ்கிரீனில் 90 நிமிஷமும் முகம் தெரியும். பைடன் வாய் திறந்தபடி பார்த்துக்கிட்டு நின்னதெல்லாம் அப்படி விழுந்ததுதான்.

உங்க அரங்குக்கு ரெண்டு எச்சரிக்கை. புரொஜெக்டரில் பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டுடாதீங்க, முகம் பருத்துத் தெரியும். நாலுக்கு மூணு அளவிலேயே விடுங்க. அறையில் வெளிச்சம் இருந்தா சாம்பல் எல்லாம் வெளுத்து, கோட்டும் பின்னணியும் பத்தி நான் சொன்ன எதுவும் தெரியாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்க. ஒலி அறையிலும் பட அறையிலும் அதே ஸ்பீக்கர், அதே சத்த அளவு இருக்கணும். ஒரு அறையில் மட்டும் எதிரொலிச்சா நீங்க அளக்கிறது அறையைத்தான்.

கோரிமேடு:

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: ஒரு விவாதம் தேர்தலைத் திருப்பியது என்று நிரூபிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. திருப்பியிருக்கக் கூடிய இடங்கள் சில உண்டு. இந்த இரண்டையும் குழப்பாமல் மாணவர்களுக்குச் சொன்னால் அதுவே பெரிய காரியம்.

நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 2021ல் நம் தி.நகர் தொகுதி 137 வாக்கில் முடிந்தது. 2000ல் அமெரிக்க அதிபர் பதவியே புளோரிடாவின் 537 வாக்கில் முடிந்தது. 2016ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து 77,744. இந்த அளவில் அரை சதவீத நகர்வு போதும், ஆனால் அரை சதவீதத்தைப் பிடிக்கும் கருத்துக்கணிப்பு கிடையாது. ஆகவே "அளக்க முடியவில்லை" என்பதை "விளைவு இல்லை" என்று படிக்கக் கூடாது.

நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது 1976. பதவியில் இருந்த அதிபர் ஃபோர்டு கோடையில் எதிர் வேட்பாளர் கார்ட்டரை விட 30 புள்ளிக்கும் மேல் பின்தங்கி, அக்டோபருக்குள் வெகு அருகில் வந்துவிட்டார். அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ, வெளியுறவுக் கொள்கை பற்றிய இரண்டாவது விவாதம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் எதுவும் இல்லை என்றார் ஃபோர்டு. கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் மேக்ஸ் ஃபிராங்கல் நம்ப முடியாமல் திரும்பக் கேட்டார், திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்த மாதிரி. ஃபோர்டு யுகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று பெயர் சொல்லி அதையே உறுதிப்படுத்தினார். போலந்து அன்று சோவியத் பிடியில் இருந்தது, போலந்து வம்சாவளி வாக்காளர்கள் நிறைய உள்ள நாடு அமெரிக்கா!

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஃபோர்டின் சொந்தக் கணிப்பாளர்கள் அன்றிரவே தொலைபேசியில் கேட்டபோது ஃபோர்டுதான் நன்றாகச் செய்தார் என்றவர்கள் அதிகம். மறுநாள் முழுக்க டிவியிலும் பத்திரிகையிலும் அந்த ஒரு வாக்கியமே ஓடியது. மறுநாள் மாலை கேட்டவர்களிடம் கார்ட்டர் மிகப் பெரிய இடைவெளியில் ஜெயித்துவிட்டார். விவாதம் அதேதான், நடுவில் வந்தது விமர்சனம் மட்டுமே. ஃபோர்டு தவறை ஒப்புக்கொள்ள கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுத்துக்கொண்டதால் செய்தி சாகவும் இல்லை. நவம்பரில் கார்ட்டர் 297, ஃபோர்டு 240 தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாகக் கிடைக்கும் இந்த வாக்குகள்தான் அதிபரைத் தீர்மானிக்கும்). ஒஹாயோவில் இடைவெளி 11,116, ஹவாயில் 7,372. இரண்டிலும் பாதிக்கு மேல் ஒரு வாக்கு, அதாவது மொத்தம் 9,246 பேர் கார்ட்டரை விட்டு ஃபோர்டுக்குப் போட்டிருந்தால் அதிபர் மாறியிருப்பார். அந்த வாக்கியம் இவ்வளவு பேரையாவது திருப்பியதா? திருப்பியிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். நிரூபிக்க வழியில்லை.

2000லும் இதே வடிவம்: கோர் பெருமூச்சு விட்ட அன்றிரவு எடுத்த கணிப்புகள் சிலவற்றில் அவரே முந்தினார், பெருமூச்சுகளைத் தொகுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிய பிறகுதான் கதை மாறியது. பிரேசிலில் 1989ல் இன்னும் அப்பட்டமாக நடந்தது. அதிபர் வேட்பாளர்கள் கோலோர்–லூலா கடைசி விவாதம் டிசம்பர் 14. மறுநாள் குளோபோ டிவி செய்தியில் கோலோருக்குச் சாதகமாக வெட்டித் தொகுத்த பகுதி ஓடியது. டிசம்பர் 17 வாக்குப்பதிவு. பதிலடி கொடுக்க நேரமே இல்லை. ஆனாலும் இடைவெளி 6 புள்ளி, ஆகவே அதுதான் தீர்மானித்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

எப்போது விளைவு கூடும் என்றால்: ஒரே ஒரு விவாதம், வாக்குப்பதிவுக்கு வெகு அருகில், ஒருவர் மக்களுக்கு அதிகம் பழகாதவர், அல்லது அவரைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. 1980ல் ரீகனும் கார்ட்டரும் நேருக்கு நேர் மோதியது ஒரே முறை, அக்டோபர் 28, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு. ரீகன் ஆபத்தானவர் என்ற பயத்தை அந்த ஒன்றரை மணி நேரம் தணித்தது. மாறாக 2004ல் கெர்ரியும் 2016ல் ஹிலாரியும் விவாதங்களில் ஜெயித்ததாகப் பெரும்பான்மையோர் சொன்னார்கள், இருவரும் தோற்றார்கள். 2024 செப்டம்பர் 10 விவாதத்தில் பார்த்தவர்களில் 63 சதவீதம் ஹாரிஸ்தான் நன்றாகச் செய்தார் என்றார்கள் என்றது சிஎன்என். தேர்தலில் தேர்வாளர் வாக்கு டிரம்ப் 312, ஹாரிஸ் 226.

அதே 2024 ஜூன் 27 விவாதம் (நமக்கு மறுநாள் காலை 6.30) வேறு வகை. கருத்துக்கணிப்பில் பைடன் இழந்தது சில புள்ளிகளே. ஆனால் சொந்தக் கட்சித் தலைவர்களும் நன்கொடையாளர்களும் கைவிட, 24 நாளில் ஜூலை 21 அன்று விலகினார். வாக்காளரை அதிகம் அசைக்காத விவாதம் வேட்பாளரையே மாற்றியது. அளவீடு முழுவதையும் வாக்காளர் மீதே வைத்தால் இதைத் தவறவிடுவோம்.

அஸ்தம்பட்டி வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. 1976க்கே மாறிவிடுகிறோம், மாணவர்கள் பலருக்கு முடிவு தெரியாது என்பதும் வசதி. ஒரே ஊர், சேலம். பட அறை, ஒலி அறை, விமர்சனம் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று நாலு குழுவாக வைக்கலாமா? ஆங்கிலம் வேகமாகப் புரியாத மாணவர்களுக்குத் தமிழில் குறிப்புத் தாள் கொடுக்கலாம் என்றும் இருக்கிறோம்.

சேர்வராயன்:

நாலு குழு வேண்டாம். 60ஐ நாலாகப் பிரித்தால் குழுவுக்கு 15 பேர், எதையும் சொல்ல முடியாது. இரண்டாகப் பிரித்தாலே, 30க்கு 30, விடையில் 25 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டை நம்ப முடியாது. ஒன்றை மட்டும் சோதியுங்கள், அது விமர்சனமாக இருக்கட்டும். 1976ன் சாரமே அதுதான்.

எல்லோரும் ஒரே அறையில் ஒரே படத்தைப் பார்க்கட்டும். முழு 90 நிமிடம் தாங்காது. ஃபோர்டின் கிழக்கு ஐரோப்பா பதிலும் ஃபிராங்கலின் மறுகேள்வியும் நடுவில் வரும்படி 25 நிமிடம் வெட்டுங்கள். அதை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் மாணவர்கள் அதில்தான் ஏதோ இருக்கிறது என்று ஊகித்துவிடுவார்கள், கார்ட்டரின் பலவீனமான பதில் ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும்.

தமிழ்க் குறிப்பில் ஒரு கண்ணி உண்டு. கிழக்கு ஐரோப்பா அன்று சோவியத் பிடியில் இருந்தது என்று அதில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் விமர்சனத்தை முன்கூட்டியே கொடுத்ததாகிவிடும். எழுதாவிட்டால் தவறு தவறாகவே தெரியாது. எழுதாதீர்கள். அன்றிரவு தொலைபேசியில் பதில் சொன்ன அமெரிக்கர்கள் பலரும் அதைக் கவனிக்காமல்தான் பார்த்தார்கள். குறிப்பில் இருவரின் கட்சி, பதவி, ஆண்டு, கேள்விகளின் தலைப்பு மட்டும் போதும்.

படம் முடிந்ததும், யாரும் யாரிடமும் பேசுவதற்கு முன், முதல் சீட்டு. பெயர் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அதே எண் எல்லாச் சீட்டிலும். கேள்வி இரண்டு, தனித்தனி வரியில்: யார் நன்றாக விவாதித்தார், யாருக்கு வாக்களிப்பீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் விடைகள் ஒட்டிக்கொள்ளும். இதே வாக்குக் கேள்வியை இரண்டு நாள் முன்பே, இருவரின் கொள்கைச் சுருக்கத்தைக் கொடுத்து ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். நிகழ்ச்சி அன்று காலையில் கேட்டால் காலையில் எழுதியதையே மாலையிலும் பிடிவாதமாக எழுதுவார்கள்.

பிறகு குலுக்கல். 30 பேருக்கு ஃபோர்டின் வாக்கியம் ஏன் தவறு என்று விளக்கும் ஒரு பக்கம், மற்ற 30 பேருக்கு விவாதம் நடந்த அரங்கத்தைப் பற்றி அதே நீளத்தில் வேறொரு பக்கம். வெறுங்கையோடு விட்டால் அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 15 நிமிடம் கழித்து இரண்டாம் சீட்டு, ஒரு வாரம் கழித்து மூன்றாவது. ஒரு வாரத்தில் பலர் வர மாட்டார்கள். வராதவர்கள் முன்பு யாருக்கு எழுதினார்கள் என்று எண்ணைக் கொண்டு பார்த்து அதையும் பலகையில் எழுதுங்கள். மேலே சொன்ன பதில் விகிதக் கோளாறு அங்கேயே கண்முன் தெரியும்.

கணக்கிடும்போது சதவீதத்தை ஒப்பிடாமல், மாறியவர்களை மட்டும் எண்ணுங்கள். 8 பேர் மாறினார்கள், 6 பேர் கார்ட்டருக்கு, 2 பேர் ஃபோர்டுக்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய நகர்வு போலத் தெரியும். 8 முறை நாணயம் சுண்டினால் இவ்வளவோ இதை விடவோ ஒருதலையாக விழ 100க்கு 29 வாய்ப்பு. 8 பேரில் 8 பேரும் ஒரே பக்கம் போனால் 100க்கு ஒன்று கூட இல்லை, அப்போது பேசலாம்.

செவ்வாய்ப்பேட்டை கேமரா:

25 நிமிஷம் வெட்டும்போது கட் விழுற இடத்தில் ரெண்டு நொடி கறுப்புத் திரை விடுங்க, இல்லைன்னா ஒரு பதில் பாதியில் நின்னு அடுத்த ஆள் குறுக்கே பேசின மாதிரி தெரியும். அதே வருஷம் செப்டம்பர் 23 முதல் விவாதத்தில் ஆடியோ போய், 27 நிமிஷம் ரெண்டு பேரும் மேடையிலேயே மரம் மாதிரி நின்னாங்க. இணையத்தில் தேடும்போது அந்த விவாதமும் கலந்து வரும், தேதியைப் பார்த்து அக்டோபர் 6 உள்ளதை எடுங்க. யார் முகம் எத்தனை நிமிஷம் திரையில் இருக்குன்னு வெட்டினதுக்கு அப்புறம் ஒரு ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்திடுங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா சரி பண்ணுங்க.